ஹேண்ட் பிரேக்கும், மாமா வைக்கச் சொல்ற கல்லும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, வெட்கத்துல தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. இன்னிக்கு எழுதிடறேன். படிச்சிட்டு திட்டறவங்க தாராளமா திட்டிக்கலாம், நியாயம்தான்.

எங்க தாய்மாமா நாமக்கல் பக்கம், சேந்தமங்கலத்துல ஒரு பிக்கப் வண்டி வச்சு ஓட்டறார். கீழேயிருந்து கொல்லிமலைக்கு சிமெண்ட், அரிசி மூட்டை ஏத்திட்டுப் போவார். மேலேயிருந்து வாழைத்தார், மிளகு, சில சமயம் பலாப்பழம் இறங்கும். காரவள்ளியில அடிவாரம். அங்கேயிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட போர்டு இருக்கும். முதல் தடவை போறவங்க எண்ணிக்கிட்டே போய் நாப்பதுக்கு மேல எண்ண முடியாம தலைசுத்தி உக்காந்துடுவாங்க. மாமாவுக்கு அது வீட்டு மாடிப்படி மாதிரி.

அவர் கிட்ட ஒரு பழக்கம். மலையில எங்க நிறுத்தினாலும், அஞ்சு நிமிஷம் டீ குடிக்க நிறுத்தினாலும் சரி, ஹேண்ட் பிரேக் இழுப்பார், ஆனா பெடல்ல இருந்து காலை எடுக்க மாட்டார். "கல்லு!"ம்பார். கிளீனர் பையன் குதிச்சு இறங்கி, பின் டயருக்குக் கீழே கல்லை வச்சிட்டு "வச்சாச்சுண்ணா"ன்னு குரல் குடுத்தாதான் கால் மேலே வரும். மாமா சின்ன வயசுல லாரி கிளீனரா இருந்தவர். "அந்தக் காலத்துல கிளீனர்னா என்னங்கறே? கல்லு தூக்கறவன், அவ்வளவுதான்"னு சிரிப்பார். லாரிக்குப் பின்னாடி கயித்துல கட்டித் தொங்கவிட்ட மரக்கட்டையைப் பாத்திருப்பீங்க, அந்த ஜாதி. இன்னொண்ணு, கிளம்பறப்ப வச்ச கல்லை எடுத்து வண்டிக்குள்ள போட்டுக்கணும். ரோட்டுல கல்லை அப்படியே விட்டுட்டுப் போறவனைக் கண்டா மாமாவுக்கு ஆகவே ஆகாது. ராத்திரி பைக்குல வர்றவன் அதுல ஏறி விழுவான்ல?

எனக்கு இந்தக் கல்லு விஷயம் கொஞ்சம் பட்டிக்காட்டுத்தனமா தெரிஞ்சது. ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கான்? சென்னையில கம்ப்யூட்டர் தட்டறவன்தான் நான், ஆனா ஸ்பேனர் பிடிக்கிறதுல ஒரு கிறுக்கு. என் காருக்கு ஆயில் மாத்தறது, முன்பக்க பிரேக் பேடு மாத்தறதெல்லாம் நானே. அந்தத் தெனாவட்டுதான் எல்லாத்துக்கும் காரணம்.

2023 பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வண்டியில பிரேக் பிடிச்சா பின்னாடி கரகரன்னு இரும்பு உரசற சத்தம். லைனர் முழுசா தேஞ்சு ரிவெட் டிரம்முல உரச ஆரம்பிச்சிருந்தது. "பட்டறையில குடுத்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவாங்க மாப்ள"ன்னார். நான் விடலை. "ஒரு செட் ஷூ வாங்கிட்டு வாங்க மாமா, நான் மாத்தித் தர்றேன்"னு லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கிட்டேன்.

இடது பக்கம் வெண்ணெய் மாதிரி போச்சு. டிரம்மைக் கழட்டி, தூசியை ஈரத்துணியால துடைச்சு (ஊதாதீங்க மக்களே, ஏர் அடிக்கவும் வேணாம். பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது), ஸ்பிரிங்கை எல்லாம் எந்த இடத்துல எப்படி இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கிட்டு, புது ஷூவை மாட்டி டிரம்மைப் போட்டேன். உக்காந்திருச்சு.

வலது பக்கம்தான் படுத்திருச்சு. பழைய டிரம்முல ஷூ உரசற இடம் மட்டும் தேஞ்சு, ஓரத்துல ஒரு விளிம்பு நின்னிருந்தது. புது ஷூ தடிமனா இருக்கிறதால அந்த விளிம்பைத் தாண்டி டிரம் உள்ளே போகலை. லேத்துக்குக் கொண்டுபோயிருக்கணும். பொங்கலன்னிக்கு எந்த லேத்து திறந்திருக்கும்? ரெண்டு ஷூவுக்கும் நடுவுல பல்லுச் சக்கரம் வச்ச அட்ஜஸ்டர் ஒண்ணு இருக்கும் இல்லையா, அதை முழுசா உள்ளே சுத்தி ஷூவைச் சுருக்கிட்டேன். டிரம் போயிருச்சு. "பிரேக் அடிக்க அடிக்க அதுவே தானா அட்ஜஸ்ட் ஆகிக்கும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எங்கேயோ படிச்சதுதான். அரைகுறை.

எல்லாம் மாட்டி முடிச்சுப் பாத்தா ஹேண்ட் பிரேக் லிவர் லொடலொடன்னு கூரையைப் பாத்து வருது. பதினோரு கிளிக் வரைக்கும் எண்ணினேன், பிடிக்கவே இல்லை. சரி, கேபிள் லூஸு! வண்டிக்கு அடியில படுத்து, ரெண்டு பக்க கேபிளும் வந்து சேர்ற இடத்துல இருக்கிற நட்டைப் போட்டு முடுக்கினேன். முடுக்க முடுக்க லிவர் கீழே இறங்குச்சு. மூணு கிளிக்குல கல்லு மாதிரி நின்னுச்சு. வாசல்ல சமதரையில ஹேண்ட் பிரேக் போட்டு ரெண்டு பேர் தள்ளிப் பாத்தோம், அசையலை. மாமா முகத்துல ஒரு பெருமை. "என் அக்கா பையன், இஞ்சினீயரு"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் கிட்ட சொல்லிட்டு இருந்தார். (நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸுங்கறது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.)

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்துச்சு. பிரேக் பெடல் பழசை விட கொஞ்சம் கீழே போச்சு. ஏர் இருக்கும், நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். வண்டி நம்மகிட்ட ஒரு தடவைதான் சொல்லும், ரெண்டாவது தடவை கத்தாது.

மறுநாள் சிமெண்ட் 20 மூட்டை. அதாவது 1 டன். மாமா ஓட்ட, நான் பக்கத்துல, கிளீனர் பையன் பின்னாடி மூட்டை மேல. பத்தொன்பது வயசுப் பையன், அப்பதான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம். ஏறும்போது நான் பெருமை தாங்காம சொன்னேன், "மாமா, இனிமே கல்லெல்லாம் வேணாம். ஹேண்ட் பிரேக் இப்ப சும்மா கிண்ணுன்னு பிடிக்குது."

அவர் ஒண்ணும் சொல்லலை, சிரிச்சார்.

இருபத்தஞ்சாவது வளைவு தாண்டினப்ப ஒரு வாசனை. கிளட்ச் காந்தறதோன்னு நினைச்சேன். மாமா மூக்கை உறிஞ்சிட்டு "இது கிளட்ச் இல்ல, லைனர்"ன்னார். 31-வது வளைவு தாண்டி ஓரமா கொஞ்சம் அகலமான இடத்துல நிறுத்தினார். நல்ல ஏத்தம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "கல்லு!"ன்னார். பையன் குதிச்சான். அன்னிக்கு மட்டும், என் பேச்சை நம்பி, "வச்சாச்சுண்ணா" வர்றதுக்கு முன்னாடியே பெடல்ல இருந்து காலை எடுத்துட்டார்.

வண்டி பின்னாடி போச்சு.

ரொம்ப தூரமெல்லாம் இல்லை. அரை அடி இருக்கும். ஆனா அந்த அரை அடியில பையனோட கை இருந்துச்சு. கல்லை டயருக்கு அடியில தள்ளிட்டு அவன் விரலை இழுத்ததும், டயர் கல்லு மேல ஏறி 'நறுக்'னு நின்னதும் ஒரே நேரம். மாமா பெடலை அமுக்கிட்டு "டேய்! டேய்!"னு கத்தறார், பதில் இல்லை. நான் கதவைத் திறந்து ஓடறேன், காலே தரையில பாவலை. பையன் ரோட்டுல உக்காந்து தன்னோட வலது கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான். நடுவிரல் நகத்தோரம் சிராய்ப்பு, அவ்வளவுதான். "ஒண்ணுமில்லைண்ணா"ன்னு எங்கிட்ட சொன்னான். எனக்கு வாய் வரலை.

இன்னொரு பெரிய கல்லை வலது டயருக்கும் வச்சு, கியர்ல போட்டு, மாமா இறங்கி வந்தார். இடது பின் சக்கரம் கிட்ட குனிஞ்சு, விரல்ல எச்சியைத் தொட்டு டிரம்முல வச்சார். சொய்ங்னு ஆவியாச்சு. வலது பக்கம் போய் அதே மாதிரி தொட்டார். சும்மா வெதுவெதுன்னு இருந்துச்சு. எங்கிட்ட திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கேபிளைத்தானே முடுக்குனே?"

"ஆமாங்க மாமா."

அதுக்கப்புறம் திட்டவே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மேலேயிருந்து காலியா இறங்கின தெரிஞ்சவரோட வண்டியை நிறுத்தி, 20 மூட்டையையும் அதுக்கு மாத்தினோம். வாடகை அவருக்குப் போச்சு. டிரம் ஆறுற வரைக்கும் காத்திருந்து, மாமாவே அடியில படுத்து கேபிள் நட்டை லூஸ் பண்ணினார். காலி வண்டியை ஃபர்ஸ்ட் கியர்லயே, இஞ்சின் பிடிமானத்துல 31 வளைவையும் இறக்கினார். வழியெல்லாம் யாரும் பேசலை. பையன் முன்னாடி எங்க நடுவுல உக்காந்து தூங்கிட்டான்.

சேந்தமங்கலத்துல ஒரு பட்டறை. அறுபது வயசு தாண்டின மேஸ்திரி. டிரம் ரெண்டையும் கழட்டிட்டு என்னைக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சார். "பார்த்துக்குங்க தம்பி, அடுத்த வாட்டி செய்வீங்கல்ல"ன்னார். அடுத்த வாட்டியா! ஆனா அவர் கிண்டல் பண்ணலை, நிஜமாத்தான் சொன்னார். அவர் காட்டினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

டிரம்முக்குள்ள ஒரு ஷூவோட சேர்ந்தாப்ல ஒரு இரும்புக் கை இருக்கு. ஹேண்ட் பிரேக் கேபிள் இழுக்கறது அந்தக் கையைத்தான். அது குறுக்கே இருக்கிற கம்பியைத் தள்ளும், கம்பி எதிர் ஷூவைத் தள்ளும், ரெண்டு ஷூவும் விரிஞ்சு டிரம்மைப் பிடிக்கும். அந்தக் கைக்கு ஒரு அளவு தூரம்தான் நகர முடியும். நான் வலது பக்கம் அட்ஜஸ்டரை முழுசா சுருக்கிட்டதால, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல பெரிய இடைவெளி. கை தன்னோட முழு தூரமும் போய் முட்டி நின்னாலும் ஷூ டிரம்மைத் தொடவே இல்லை. அது முட்டினதும் மிச்ச இழுவை எல்லாம் இடது பக்கம் போச்சு. கேபிளை நான் ஏகத்துக்கு முடுக்கியிருந்ததால, லிவரை விட்டாலும் இடது ஷூ டிரம்மை விடலை. உரசி உரசி சூடாகி, லைனர் மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருச்சு. அதுக்கப்புறம் அதுவும் வழுக்கும். சமதரையில பிடிச்ச மாதிரி தெரிஞ்சது எல்லாம் அந்த ஒத்தைச் சக்கரம்தான்.

அப்ப தானா அட்ஜஸ்ட் ஆகும்னு சொன்னாங்களே? ஆகும். ஆனா அந்தக் கை முழுசா பின்னாடி வந்து தன் இடத்துல உக்காந்திருந்தாதான் ஆகும். கேபிள் அதை எப்பவும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, எவ்வளவு இடைவெளி இருக்குன்னு அந்தப் பொறிக்கே தெரியாது. பெடல் கீழே போனதும் ஏர் இல்லை. வலது ஷூவை அவ்வளவு தூரம் தள்ள பிரேக் ஆயில் அதிகமா தேவைப்பட்டிருக்கு, அதான்.

மேஸ்திரி சொன்னது இன்னும் காதுல இருக்கு. "கேபிளை முதல்ல தொட்டீங்கன்னா, உள்ளே என்ன கோளாறுன்னு அது காட்டாதுங்க, மறைச்சிரும்."

அவர் செஞ்ச வரிசை இது. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சாச்சு. பின் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டுல உக்கார வச்சார். (வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்கறவங்களைப் பாத்தா அவருக்குக் கெட்ட கோபம் வருது.) கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் முழுசா இறக்கி, கேபிள் நட்டை இன்னும் லூஸ் பண்ணி, ரெண்டு பக்க கேபிளும் தொளதொளன்னு தொங்கற அளவுக்கு விட்டுட்டார். வலது டிரம்மை லேத்துக்கு அனுப்பி விளிம்பை எடுத்துட்டு வரச் சொன்னார். டிரம்முல எவ்வளவு விட்டம் வரைக்கும் கடையலாம்னு நம்பர் அடிச்சிருப்பாங்க, அதைத் தாண்டலையான்னு அளந்து பாத்துக்கிட்டார். லைனர் ஒரு பக்கம் மட்டும் மாத்தினா இழுப்பு மாறும்னு ரெண்டு பக்கமும் திரும்பப் புதுசு.

டிரம்மைப் போட்டப்புறம், பின் தட்டுல இருக்கிற ரப்பர் மூடியை எடுத்துட்டு, அந்த ஓட்டை வழியா திருப்புளியை விட்டு பல்லுச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லா சுத்தினார். சக்கரம் கையால சுத்தினா சுத்தாத அளவுக்கு இறுக்கிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பின்வாங்கி, லேசா 'ஸ்ஸ்'னு உரசற சத்தம் மட்டும் கேக்கிற இடத்துல நிறுத்தினார். என்னை ஏத்தி பெடலை நாலஞ்சு தடவை அமுக்கச் சொன்னார். ஷூ நடுவுல உக்காரணுமாம். திரும்பச் சுத்திப் பாத்தா உரசல் மாறியிருந்துச்சு. இன்னும் ரெண்டு பல்லு. அந்தப் பக்கமும் அதே மாதிரி. இந்த வேலைக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு, மனுஷன் அவசரமே படலை. பெடல் இப்ப மேலேயே நின்னுச்சு.

கேபிள் பக்கம் அதுக்கப்புறம்தான் போனார். தொளதொளப்பு போற வரைக்கும் மட்டும் நட்டை முடுக்கினார், அதுக்கு மேல ஒரு சுத்து கூட இல்லை. ஒவ்வொரு கிளிக்கா லிவரை இழுத்து, ரெண்டு சக்கரமும் ஒண்ணா பிடிக்குதான்னு பாத்தார். அஞ்சாவது கிளிக்குல ரெண்டும் நின்னுச்சு. விட்டா ரெண்டும் ஃப்ரீயா சுத்துச்சு. செக் நட்டைப் போட்டு இறுக்கினார். கேபிளுக்குன்னு அவர் செலவழிச்சது அஞ்சு நிமிஷம் கூட இருக்காது. நான் முந்தாநேத்து செஞ்சது அந்த அஞ்சு நிமிஷ வேலையை மட்டும்தான்.

சூடா இருக்கிறப்ப இதைச் செய்யக் கூடாதுன்னும் சொன்னார். சூட்டுல டிரம் விரிஞ்சிருக்கும், அப்ப சரியா வச்சா ஆறினதும் சுருங்கி ஷூவைக் கவ்விக்கும். புது லைனர் டிரம்மோட வளைவுக்கு உக்கார கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் ஹேண்ட் பிரேக் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும், 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை கொண்டு வாங்கன்னார். காசு குடுக்கப் போனேன். மாமா என் கையைத் தட்டிவிட்டுட்டு அவரே குடுத்தார். அது வாங்கியிருந்தா கூட எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

பெரிய லாரிகள்ல பார்க்கிங் பிரேக்கை ஒரு பெரிய ஸ்பிரிங் பிடிச்சிருக்கும், காத்துதான் அதை விலக்கி வைக்கும். காத்து போனா தானா பிடிச்சுக்கும். நம்ம பிக்கப்ல அந்த வசதியெல்லாம் கிடையாது. ஒரு கம்பி, ரெண்டு சக்கரம், அதை அட்ஜஸ்ட் பண்ணினவனோட யோக்கியதை. அவ்வளவுதான் அந்த லிவருக்குப் பின்னாடி இருக்கிறது.

ரெண்டு நாள் கழிச்சு சென்னை கிளம்பறதுக்கு முன்னாடி, நானும் வர்றேன்னு கூட மலை ஏறினேன். மாமா வேணாம்னு சொல்லலை. அரிசி மூட்டை லோடு. அதே 31-வது வளைவு தாண்டி, அதே இடத்துல நிறுத்தினார். வேணும்னேதான் நிறுத்தினார்னு நினைக்கிறேன், கேக்கலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அஞ்சு கிளிக். கால் பெடல்ல அப்படியே இருக்கு. "கல்லு!"

"இருடா, நான் வைக்கிறேன்"னு பையனை உக்கார வச்சிட்டு நான் இறங்கினேன். கல்லை வச்சு, கையை எடுத்து, ரெண்டடி தள்ளி நின்னு "வச்சாச்சுங்க மாமா"ன்னேன். கால் மேலே வந்துச்சு. வண்டி அசையலை. குனிஞ்சு பாத்தேன். டயருக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு விரல் போற இடைவெளி அப்படியே இருந்துச்சு.

கிளம்பறப்ப கல்லை எடுத்து உள்ளே போட்டுட்டு ஏறினேன். பையன் தள்ளி உக்காந்து இடம் விட்டான். அவன் நடுவிரல்ல மஞ்சள் பூசியிருந்தான்.